திங்கள்வரை செல்லும் எண்

வெளிநாட்டினரைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை, மதுரைக்குப் போனால் போதும் என்பதை ஓய்வுபெற்ற பிறகே தெரிந்துகொண்டேன். ஆவணி மாதத்தில் ஒரு வாரம் அங்கே இருந்தேன். உஸ்பெகிஸ்தான், ஜப்பான், தாய்லாந்து, பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாத இன்னும் சில நாடுகளிலிருந்து இளம்பெண்கள் தோளில் ராட்சதப் பைகளுடன் வந்து இறங்கினார்கள். பெண்களுக்கான சர்வதேச டென்னிஸ் போட்டி. சர்வதேசப் போட்டிகளில் ஆகக் கீழ்ப்படியில் இருப்பது. அதற்குக் கீழே சர்வதேசம் இல்லை.

என் தம்பி மகள் நித்யா அதில் ஆட வந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் அதிக முத்திரை குத்திய பாஸ்போர்ட் அவளுடையதுதான். ஆனால் எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அவளிடம் இரண்டே தகவல்கள் கிடைக்கும். தரையில் கால் வழுக்குமா, அறையில் வெந்நீர்க் கெட்டில் இருந்ததா. எகிப்தில் மூன்று வாரம் இருந்தவள் பிரமிடைப் பார்க்கவில்லை. கேட்டால், "ரவுண்ட் ஒண்ணுலயே தோத்தா பாக்கலாம்னு வெச்சிருந்தேன் பெரியப்பா, ரெண்டு மேட்ச் ஜெயிச்சுட்டேன்" என்கிறாள்.

டிவியில் தெரிகிற டென்னிஸ்காரர்கள் நூறு பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆயிரம் பேருக்கு மேல் ஒரு பெரிய வரிசை நிற்கிறது. நித்யா நிற்பது அந்த வரிசையின் வால் பக்கம். பயிற்சியாளர் கிடையாது, மருத்துவர் கிடையாது. துணியை இரவில் குளியலறையில் துவைத்து மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டு, காலையில் அதையே போட்டுக்கொண்டு ஆடப் போகிற வாழ்க்கை. அதில் அவளுக்கு இருக்கும் ஒரே அடையாளம் உலகத் தரவரிசை எண். அந்த வாரம் அது ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.

அந்த எண்ணுக்கும் காலாவதி உண்டு. ஒவ்வொரு தரப்புள்ளியும் ஓராண்டுதான் செல்லும், ஓட்டுநர் உரிமத்தைவிடக் குறைந்த ஆயுள். போன ஆண்டு எங்கோ வென்ற புள்ளி அடுத்த திங்கட்கிழமை விழுந்துவிடும். விழுந்தால் பட்டியலில் இருப்பதற்கான குறைந்தபட்ச அளவு அவளிடம் இராது. பெயரே காணாமல் போகும். அதற்குள் மதுரையில் தகுதிச் சுற்று ஆட்டங்கள் இரண்டையும், முதன்மைச் சுற்றில் ஒன்றையும் வென்றால் புதிய புள்ளி கிடைக்கும், எண் பிழைக்கும். கோயம்புத்தூரில் ஒரு பள்ளி, பயிற்சியாளராக வரச் சொல்லிப் பதிலுக்குக் காத்திருந்தது. எண் போனால் அங்கே போய்விடுவது என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். இதை வீட்டில் யாரும் அவளிடம் பேசவில்லை. எல்லோரும் அவளில்லாதபோது பேசினார்கள்.

உலகமெல்லாம் தனியாகச் சுற்றியவளுக்கு மதுரைக்குத் துணை எதற்கு என்று தம்பியைக் கேட்டேன். அவன் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தான். "மதுரைன்னாதான் துணை வேணும். தனத்தோட ஆளுங்க அங்க இருக்காங்க. சோறு போட்டே கொன்னுடுவாங்க" என்றான். தனம் என்பது அவன் மனைவி தனலட்சுமி. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலாளராக இருந்தவன் என்பதால், வருகிற கோரிக்கைகளை மரியாதையாக நிராகரிக்க எனக்குத் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. போட்டி விதிமுறைப் புத்தகத்தை ரயிலிலேயே படித்து முடித்தேன். நன்றாக எழுதப்பட்ட புத்தகம். நம் நடத்தை விதிகளைவிடத் தெளிவு. மேல் படுக்கையில் நித்யா தூங்கிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை மாலைக்குள் மைதான அலுவலகத்தில் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் ஆட முடியாது. இதில் விதிவிலக்கு இல்லை என்று புத்தகம் தடித்த எழுத்தில் சொல்கிறது. லாட்ஜில் பையை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம். இடத்தின் பெயரை நான் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநர், "டென்னிஸ் மேட்சுக்குத்தானண்ணே? ஏறுங்க, நானும் பாக்கணும்னுதான் இருந்தேன்" என்றார். இப்படி ஆர்வமுள்ள ஊரா என்று மகிழ்ந்தேன்.

ஆட்டோ தெப்பக்குளத்தைச் சுற்றி வண்டியூருக்குள் புகுந்து, ஒரு பொட்டலில் போய் நின்றது. பந்தல், ஒலிபெருக்கி, ஐந்நூறு பேர் கூட்டம். மைக்கில் ஒருவர், "தூக்கி அடிச்சாரு பாருய்யா! பந்து கம்மாய்க்குள்ள! தேடுங்கடா மாப்ளைகளா!" என்று கத்திக்கொண்டிருந்தார். டென்னிஸ் பந்தில் ஆடுகிற கிரிக்கெட். முதல் பரிசு பந்தல்காலில் கட்டியிருந்தது. நல்ல உயரமான கிடாய்.

"இது இல்லப்பா, மட்டையில நரம்பு கட்டி ஆடுவாங்களே அது" என்றேன்.

"அதெல்லாம் இங்க யாருண்ணே ஆடுறாக?" என்றார் ஓட்டுநர் உண்மையான வியப்புடன்.

"நான்தாண்ணே" என்றாள் நித்யா.

அவர் அவளையும் அந்த ராட்சதப் பையையும் திரும்பிப் பார்த்தார். அதுவரை அதை அவர் ஏதோ வாத்தியம் என்று நினைத்திருந்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். பிறகு ஓட்டினார் பாருங்கள், அப்படி ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் எத்தனை பிரிவுகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்குள் மைதானம் வந்துவிட்டது. வழியில் கேட்டவர்களில் யாரும் 'தெரியாது' என்று சொல்லவில்லை. சென்னையில் தெரிந்தவரும் தெரியாது என்பார். இங்கே தெரியாதவரும் இரண்டு திருப்பங்கள் சொல்லி அனுப்புகிறார். நித்யா பதறவில்லை. ஒரு நாட்டில் அவளைப் பிங்பாங் மன்றத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்களாம். "அந்தக் கிடாய பாத்தீங்களா பெரியப்பா? எங்களுக்குக் கண்ணாடி கப்புதான் குடுப்பாங்க" என்றாள்.

மைதான வாசலில் இன்னொரு ஆச்சரியம் நின்றது. பத்தடி ஃப்ளெக்ஸ். நடுவில் நித்யா மட்டையுடன், சுற்றிலும் மீசை முறுக்கிய மாமன்மார்களின் வட்டமுகங்கள். 'உலகின் 1147-ஆம் இடத்தைப் பிடித்த எங்கள் வீட்டுச் சிங்கமே வருக!' நித்யா பையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கையெழுத்து நேரத்தோடு ஆயிற்று.

ஃப்ளெக்ஸின் கீழே வெள்ளை வேட்டியில் நின்றவர் தவமணி. நித்யாவின் தாய்மாமன். கடலையும் சோளமும் போடுகிறவர். என்னைப் பெரிய மச்சான் என்பார்.

"வாங்க பெரிய மச்சான். போர்டு எப்பிடி இருக்கு?"

"ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு என்று போட வேண்டுமா, தவமணி? எண்ணை விட்டுவிட்டு மற்றதைப் போட்டிருக்கலாமே."

"ஏன் மச்சான்? உலகத்துல எத்தன கோடிப் பொம்பளப்புள்ளைக? அம்புட்டுப் பேருல இவ ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு. எங்கூர்ல வார்டு எலெக்சன்ல மூணாவதா வந்தவன் போர்டு வச்சிருக்கான். நின்னதே மூணு பேரு."

இந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

மாலையில் லாட்ஜுக்கு அடுக்குச் சட்டிகள் வந்தன. தவமணியின் மனைவி பாண்டியம்மாள் அயிரை மீன் குழம்பும் நாட்டுக்கோழியும் கொண்டுவந்திருந்தார். ஆட்டத்துக்கு முந்தைய நாள் நித்யா இட்லி, வாழைப்பழம், தயிர்சாதம் தவிர எதையும் தொடுவதில்லை. நான் நிராகரிக்க வந்தவன். ஆனால் அந்தக் கோப்பினை மேல்நடவடிக்கைக்கு எடுத்துக்கொண்டவர் வேறொருவர். பக்கத்து அறையில் தங்கியிருந்த உஸ்பெகிஸ்தான் பெண் திலோரா வாசனை பிடித்து எட்டிப் பார்த்தாள். இவளும் நித்யாவும் துனிசியாவில் ஒரே அறையில் தங்கியவர்கள், இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள். திலோராவிடம் மட்டைக்கு நரம்பு கட்டும் சிறிய இயந்திரம் இருக்கிறது. போகிற ஊரெல்லாம் அதையும் சுமந்துபோய் மற்றவர்களுக்கும் கட்டிக் கொடுத்து விமானச் செலவில் ஒரு பகுதியை ஈட்டிக்கொள்கிறாள். கட்டிலில் சம்மணமிட்டு நித்யாவின் மட்டைக்கு நரம்பு இழுத்தபடியே அயிரை மீனை முள்ளோடு தின்றாள்.

"இந்தப் புள்ளை சாப்புடுறது எம்புட்டு அழகா இருக்கு! எங்க இருந்தாத்தா வார?" என்று பாண்டியம்மாள் கேட்டார். நித்யா மொழிபெயர்த்தாள்.

திலோரா சொன்னதையும் அவளே மொழிபெயர்த்தாள். "நான் இந்த அம்மா சமைத்ததைச் சாப்பிட்டேன் என்று என் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். நித்யாவும் நீயும் மோத வேண்டி வந்தால் உனக்கு வயிறு சரியில்லாமல் போவதற்கான ஏற்பாடா என்று கேட்கிறாள்."

"அடி ஆத்தாடி! எங்க வீட்டுக் கொளம்புக்கு எவளாச்சும் படுத்துருக்காளா, கேளு" என்றார் பாண்டியம்மாள்.

தவமணி என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், ஆட்டத்தின் சட்டதிட்டத்தை விளக்கச் சொன்னார். இப்படிக் கேட்பவர் கிடைப்பது அரிது. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தகுதிச் சுற்றில் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் நடுவர் கிடையாது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு அதிகாரி நடந்துகொண்டிருப்பார், தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவரே சொல்ல வேண்டும் என்றேன்.

தவமணி அதிர்ந்துபோனார். "இவளே ஆடி, இவளே தீர்ப்புஞ் சொல்லுவாளா? வரப்புத் தகராறுல ரெண்டு பங்காளியும் சர்வேயரா இருந்தா வெளங்குமா மச்சான்?"

"உலகம் முழுக்க அப்படித்தான். சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது."

"சரி, அந்தக் கோடு யாருக்குச் சொந்தம்?"

"கோட்டில் துளி பட்டாலும் உள்ளேதான்."

"எதிராளி அடிச்சதா இருந்தாலும்?"

"எதிராளி அடித்ததானாலும்."

இதை அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் ஒரு வரப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாக வழக்கு நடப்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு உழவிலும் அந்தப் பங்காளி வரப்பை அரை விரல் செதுக்கித் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறான் என்பது தவமணியின் வாதம்.

ஞாயிறு காலை முதல் தகுதி ஆட்டம். எதிரே பள்ளிக்கூடச் சிறுமி, பதினாறு வயது இருக்கும். சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்தச் சிறுமியோடு ஒரு பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், அப்பா, அம்மா, குடை பிடிக்க ஒருவர் என்று ஐந்து பேர் வந்திருந்தார்கள். நித்யாவோடு வந்தவன் நான். ஆட்டத்தின் நடுவில் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்கு அனுமதியில்லை. தோற்ற சிறுமி கைகுலுக்கும்போது, "அக்கா, நீங்க இன்னும் எவ்வளவு வருஷம் ஆடுவீங்க?" என்று கேட்டாள். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நித்யா, "அடுத்த வாரம் திங்கள்கிழமை சொல்றேன்" என்றாள்.

மதியம் அவள் தூங்க வேண்டும். தவமணி தன் புல்லட்டில் என்னை ஏற்றிக்கொண்டு ஊர் காட்டப் புறப்பட்டார். வெயிலில் நாகமலை வெந்துகொண்டிருந்தது. வழியில் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் போட்டு, உணவா மருந்தா என்று சொல்ல முடியாத பதத்தில் இருந்தது. இன்னும் ஒரு டம்ளர் குடித்தேன். பிறகு கீழக்குயில்குடி. தாமரைக் குளத்தின் கரையில் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளைப் பார்த்தேன். தலைமாடு சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். விளையாட்டு வீராங்கனைகள் தங்கும் லாட்ஜுகளைப் போலவே தேவைக்குமேல் எதுவும் இல்லை. இங்கே கெட்டிலும் இல்லை.

மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் தவமணி கேட்டார். "மச்சான், நாளைக்குத் தோத்துட்டா அந்த நம்பரு என்னாகும்?"

"அடுத்த வாரத் திங்கட்கிழமை விழுந்துவிடும்."

"விழுந்தா? ஆயிரத்து ஐநூறுக்குப் போயிருமா?"

"இல்லை. பட்டியலில் பேரே இருக்காது."

தவமணி கீழே வயல்களைப் பார்த்தார். "அப்ப இவ இத்தன வருசம் ஆடுனதே இல்லேன்னு ஆயிருமா?"

பழைய பட்டியல்கள் கோப்பில் இருக்கும் என்றேன். அது அவருக்கு ஆறுதலாகத் தெரியவில்லை. எனக்கும் அது ஆறுதலாக வாயிலிருந்து வரவில்லை.

மாலையில் அறிவிப்புப் பலகையில் மறுநாள் ஆட்டம் ஒட்டப்பட்டிருந்தது. நித்யாவுக்கு எதிரே திலோரா. இருவரும் பலகையின் முன்னால் நின்று பெருமூச்சு விட்டு ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். வரிசையின் வால் பக்கத்தில் சினேகிதிகளோடு மோதாமல் ஒரு வருடம் ஓட்ட முடியாதாம். அன்று இரவும் திலோராதான் நித்யாவின் மட்டைக்கு நரம்பு கட்டினாள், எப்போதும்போல இறுக்கமாக.

திங்கட்கிழமை காலை கிராமத்திலிருந்து சரக்கு வேன் ஒன்றில் உறவுக்கூட்டம் வந்து இறங்கியது. பந்து ஓடும்போது பேசக் கூடாது, கைதட்டுவதானால் முடிந்த பிறகு தட்ட வேண்டும் என்று வாசலிலேயே நான் விளக்கினேன். "கல்யாண வீட்டுல தாலி கட்டுறப்ப மாதிரியா?" என்று கேட்டார் ஒருவர். அதற்கு நேர் எதிர் என்றேன். தவமணி, "எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, வண்டியில ஏத்த மாட்டேன்" என்றார். அந்தக் கோர்ட்டுக்குப் படிக்கட்டு இருக்கை கிடையாது. எல்லோரும் பக்கவாட்டில் வேப்பமர நிழலில் நின்றார்கள். தவமணி மட்டும் பின்புறக் கம்பிவேலிக்குப் போய், பக்கக்கோட்டுக்கு நேர் எதிரே வெயிலில் நின்றுகொண்டார். "கல்லு நட்ட எடத்துல நின்னு பாத்தாத்தான் மச்சான் கோடு தெரியும்."

முதல் செட் திலோராவுக்கு, இரண்டாவது நித்யாவுக்கு. காற்று பந்தை அங்குட்டும் இங்குட்டும் தள்ளியது. நித்யாவின் ஆட்டம் பார்க்க அழகானது என்று சொல்ல மாட்டேன். வலுவான அடி கிடையாது. எல்லாப் பந்தையும் திருப்பி அனுப்புவாள், எதிராளி சலித்துத் தவறு செய்யும்வரை. முப்பத்தாறு வருடம் செயலகத்தில் இருந்த எனக்கு அந்த முறை பரிச்சயமானதுதான்.

தகுதிச் சுற்றில் மூன்றாவது செட்டை முழுதாக ஆடுவதில்லை. முதலில் பத்துப் பாயிண்ட் எடுப்பவர், இரண்டு வித்தியாசத்தில், வென்றவர். நித்யா ஒன்பது, திலோரா எட்டு. இன்னும் ஒரே பாயிண்ட். 

பந்து நெடுநேரம் போய்வந்தது. திலோரா முன்னால் ஓடிவந்து, பக்கக்கோட்டை ஒட்டி நேராக ஓங்கி அடித்தாள். நித்யா எட்ட முடியாத தூரம். பந்து மூலையில் தரையைத் தொட்டு வேலியில் மோதியது. நித்யா விரலை உயர்த்தினாள்.

"அவுட்!"

முடிந்தது. நித்யா வென்றாள். திலோரா அந்த இடத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, கைகுலுக்க வலையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். மரத்தடியில் விசில் கிளம்பியது.

அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தாயி! கோட்டுல பட்டுருச்சு தாயி!"

விசில் நின்றது. தவமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, பந்து விழுந்த இடத்துக்கே விரலை நீட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே தெரியாததுபோல் முகம் இருந்தது.

பார்வையாளர் சொல்வதற்கு விதிமுறையில் எந்த மதிப்பும் கிடையாது. திலோராவுக்குத் தமிழ் தெரியாது. பொது அதிகாரி இரண்டு கோர்ட் தள்ளி நின்றார். நித்யா எதுவும் செய்யாமல் நடந்துபோய்க் கைகுலுக்கியிருக்கலாம். அவள் தவமணியைப் பார்த்தாள். அப்புறம் கோட்டின் மூலையைப் பார்த்தாள். அது சிமெண்ட்டுத் தரை, தடம் விழாது.

வலைக்குப் போய் திலோராவிடம் ஆங்கிலத்தில், "உள்ளேதான். என் தவறு. உன் பாயிண்ட்" என்றாள்.

அதிகாரி ஓடிவந்து விசாரித்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆடுகிறவரே தன் தீர்ப்பைத் திருத்தினால் அதிகாரிக்கு வேலையில்லை. எட்டவே முடியாத பந்தானதால் மறு ஆட்டமும் இல்லை. ஒன்பதுக்கு ஒன்பது. அடுத்த இரண்டு பாயிண்ட்டுகளையும் திலோரா எடுத்தாள். கைகுலுக்கும்போது அவள்தான் அழுதாள்.

மரத்தடியில் தவமணியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மாமா, அது நம்ம டீம் மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் அவருடைய அக்கா மகன்.

பாண்டியம்மாள், "ஊரு ஒலகத்துல எவனாச்சும் சொந்தப் புள்ளைக்கு எதுரா சாட்சி சொல்லுவானா? வாயக் கொஞ்ச நேரம் மூடிக்கிட்டு இருந்தா முத்தா உதுந்துரும்?" என்றார்.

தவமணி என்னைப் பார்த்தார். "மச்சான், நீங்கதான சொன்னீக. கோட்டுல துளி பட்டாலும் உள்ளன்னு."

"சொன்னேன்."

"எதிராளி அடிச்சாலும்னு சொன்னீக."

"ஆமாம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

விதிகளை விளக்குவதில் நான் மகிழ்ந்த கடைசித் தருணம் அந்தச் சனிக்கிழமை மாலை என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு வழி இருந்தது. கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் காலையில் வந்து கையெழுத்திட்டுக் காத்திருக்கலாம். முதன்மைச் சுற்றில் யாராவது விலகினால் அந்த இடம் இவர்களில் ஒருவருக்கு. லக்கி லூசர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வைத்தவர் தோற்றதில்லை போலிருக்கிறது. தரவரிசை எண் உள்ளவர்களுக்கே முன்னுரிமை, தோற்றவர்களில் எண் வைத்திருந்தவள் நித்யா ஒருத்திதான். அடுத்த வாரம் சாகப்போகும் அந்த எண் இந்த வாரம் அவளை வரிசையின் முதலில் நிறுத்தியது. நான் சொன்னபோது, "தெரியும் பெரியப்பா. நிறைய தடவ உக்காந்திருக்கேன்" என்றாள்.

முதன்மை ஆட்டங்களின் முதல் சுற்று செவ்வாயும் புதனும். இரண்டு நாளும் காலையில் கையெழுத்திட்டுவிட்டு, ஷூ நாடாவைக் கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலைநியமன ஆணைக்காகச் செயலகத் தாழ்வாரத்தில் உட்காருகிறவர்களை ஆயிரம் தரம் கடந்துபோயிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இதுவே முதல் தடவை. ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் கழுத்து நிமிரும். அந்தப் பெயருக்குரியவர் எங்கிருந்தாவது ஓடிவந்துவிடுவார். யாருக்கும் கணுக்கால் பிசகவில்லை, யாரும் விமானத்தைத் தவறவிடவில்லை.

பாண்டியம்மாள் புதன்கிழமை இட்லி கொண்டுவந்தார். பலகையில் இருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு என் காதருகே, "அண்ணே, இதுல யாருக்காச்சும் லேசா ஒரு காச்ச வந்தா போதும்ல? ரொம்ப வேணாம், ரெண்டு நாளைக்கு" என்றார். குலசாமியிடம் ஏற்கெனவே மனுப் போட்டாயிற்று என்பது முகத்தில் தெரிந்தது.

"தவமணி வரலையா?"

"வந்துருக்காக. வெளிய டீக்கடையில நிக்கிறாக. நேத்தும் நின்னாக. உள்ள வர மாட்டேங்கிறாக."

புதன் மாலை முதல் சுற்றின் கடைசி ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து போடப்பட்டதும் காத்திருப்போர் பட்டியல் முடிந்துவிடும் என்பது விதி. பந்து போடப்பட்டது. நித்யா குனிந்து ஷூ நாடாக்களை அவிழ்த்தாள். பக்கத்துக் கோர்ட்டில் திலோரா வென்றுகொண்டிருந்தாள். நித்யாவுக்கு வேண்டியிருந்த அந்தப் புள்ளி அவளுக்குப் போயிற்று. நித்யா போய் வேலியோரம் நின்று கைதட்டினாள்.

வியாழன் இரவு எங்களுக்கு ரயில். மதியச் சாப்பாட்டுக்குக் கிராமத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றார் பாண்டியம்மாள். இனி தயிர்சாதம் என்று சொல்லக் காரணமில்லை. வழியில் பேருந்து பழுதாகி, பின்னால் வந்த பருத்திக்கொட்டை லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். லாரி ஓட்டுநர் நித்யாவின் பையைப் பார்த்து, "தங்கச்சி, கச்சேரிக்கா?" என்றார். "முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள்.

குடல் குழம்பு, சுக்கா, ரசம். நித்யா சாப்பிட்டதைப் பார்த்தபோது இத்தனை வருடமாக எத்தனை ஊர்களில் எதையெல்லாம் வேண்டாமென்றிருக்கிறாள் என்று புரிந்தது. தவமணி பரிமாறவும் இல்லை, உட்காரவும் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கொல்லைப்பக்கம் போனோம். அங்கே மாட்டுத் தொழுவத்தையொட்டி வைக்கோல் படப்பின் அருகே நின்றுகொண்டிருந்தார். நித்யாவைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"தாயி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க மாமா."

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"ஜெயிச்சிருப்பேன்."

அவர் தலையாட்டினார். அதை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தவர்போல.

"ஒன் கண்ணுக்குத் தெரியலைல தாயி? எட்டத்துல இருந்தேல்ல. நீ என்ன செய்வ."

நித்யா படப்பிலிருந்து ஒரு வைக்கோலை உருவினாள்.

"தெரிஞ்சுச்சு மாமா. பாத்துட்டுத்தான் சொன்னேன்."

தவமணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

"இத்தனை வருஷத்துல அப்படிச் சொன்னதே இல்ல. எனக்கு நிறைய பேர் பண்ணிருக்காங்க, நான் யாருக்கும் பண்ணதில்ல. அன்னைக்கு அந்த நம்பர் மட்டும்தான் கண்ணுல இருந்துச்சு. கை தானா போயிடுச்சு" என்றாள். வைக்கோலை விரலில் சுற்றிக்கொண்டே, "காலையில கோயம்புத்தூருக்கு ஃபோன் பண்ணிட்டேன். வரேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

தவமணி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க அத்தைட்ட சொல்லிராத. நானே கெட்டவனா இருந்துட்டுப் போறேன்" என்றார்.

நித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வைக்கோல் படப்பின்மேல் போர்த்தியிருந்தது அந்த ஃப்ளெக்ஸ். நாலு மூலையிலும் கல் கட்டியிருந்தது. ஒரு மாமனின் மீசை பாதி மடிந்திருந்தது. நடுவில் எண் முழுசாகத் தெரிந்தது. பாண்டியம்மாள் மழைக்குப் போட்டிருக்கிறார். நான் பார்ப்பதைக் கண்டதும் தவமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இவளுக்குக் கூறே இல்ல. எடுத்துரட்டுமா தாயி?"

சட்டப்படி அந்த எண் திங்கட்கிழமைவரை செல்லும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நித்யா அண்ணாந்து பார்த்தாள். மேற்கே கருத்துக்கொண்டிருந்தது. படப்பைச் சுற்றி வந்து, காற்றில் தூக்கிக்கொண்டிருந்த ஒரு மூலையை இழுத்து, கல்லை இன்னும் கீழே இறக்கிக் கட்டினாள்.

"வைக்கோல் நனைஞ்சிரும் மாமா. இருக்கட்டும்."